கூலிக்கு ஆள் பேசிய கணவன்: தொடரில் வந்த தீர்ப்பு கடலூர் நீதிமன்றத்தில் நிற்குமா?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்; நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும். நீங்கள் பார்த்த குற்றத் தொடரின் அத்தியாயத்தில், மனைவியின் பெயரில் இருக்கும் நிலத்துக்கும் காப்பீட்டுப் பணத்துக்கும் ஆசைப்பட்ட கணவன், அவளைக் கொல்வதற்கு ஒருவனிடம் பேசி முன்பணம் கொடுக்கிறான். வாங்கியவன் இரண்டு நாள் கழித்து மனம் மாறிக் காவல் நிலையத்துக்குப் போகிறான். காவலர்கள் அந்தப் பெண் இறந்து கிடப்பது போல் ஒரு படம் எடுத்துக் கொடுத்தனுப்ப, அதைப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தை எடுத்து நீட்டும்போது கணவன் பிடிபடுகிறான். விசாரணை அறையில் ஆய்வாளர் முன் அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான்; அடுத்த காட்சியில் மனைவி கூண்டில் நின்று சாட்சி சொல்ல, நீதிபதி ஆயுள் தண்டனை விதிக்கிறார். இது நம் ஊர் நீதிமன்றத்தில் நிற்குமா என்பது உங்கள் முதல் கேள்வி. மனைவி கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லவே முடியாது என்று உங்கள் அண்ணி சொன்னது சரியா என்பது இரண்டாவது. கடைசி வரியில், போகிற போக்கில் கேட்டதைப் போல, "அந்தப் பெண் உண்மையிலேயே செத்திருந்தால் அவன் தப்பியிருப்பானா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் முதலில் எழுந்த கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் 29 ஆண்டுகள் குற்றவியல் வழக்குகளை நடத்தியவன். தொடக்கத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் எதிர்த்தரப்பில் நின்றேன், இடையில் சில ஆண்டுகள் கூடுதல் அரசு வழக்கறிஞராக இருந்தேன், பிறகு மீண்டும் எதிர்த்தரப்புக்கே வந்தேன். புதுச்சேரி நீதிமன்றத்திலும் சில வழக்குகளுக்குப் போயிருக்கிறேன். அந்த அத்தியாயத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதிய கதைச் சுருக்கத்தை வைத்துத்தான் பேசுகிறேன். மருத்துவம், தடய அறிவியல் ஆகியவற்றில் எனக்கு இருப்பது மருத்துவர்களைக் குறுக்கு விசாரணை செய்து பெற்ற அறிவு மட்டுமே. இன்னொன்று: 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியமும் வந்துவிட்டன. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கொலைப் பிரிவான 302 இப்போது 103. சதிக்குரிய 120பி இப்போது 61. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் இரண்டு எண்களும் இன்னும் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் கூடவே நடக்கும்.

முதலில், அந்த ஒப்புதல் காட்சி. ஆய்வாளர் முன் கணவன் எவ்வளவு அழுதாலும், எவ்வளவு விவரமாகச் சொன்னாலும், அதைக் காணொளியாகப் பதிவு செய்தாலும், அந்த ஒப்புதல் அவனுக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படக் கூடாதது. காவல் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் சாட்சியமாகாது என்பது பழைய சட்டத்தில் 25ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 23ஆம் பிரிவு. இதில் ஐயம் ஏதும் இல்லை. காவலில் இருப்பவன் எதனால் பேசினான் என்பதை நான்கு சுவருக்கு வெளியே இருப்பவர் அறிய முடியாது என்பதே அந்த விதியின் காரணம், அது இன்றும் மாறாத காரணம். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருளோ உண்மையோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புடைய சொற்கள் மட்டும் உள்ளே வரும். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுக்கூரி கோட்டையா வழக்கின் தீர்ப்பு, 1947ஆம் ஆண்டுச் சட்ட ஏடுகளில் வெளியானது, இன்றுவரை இதற்கு அளவுகோல். "என் வீட்டுக் கூரையில் கத்தியை ஒளித்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்பது ஏற்கப்படும். "அந்தக் கத்தியால்தான் குத்தினேன்" என்று ஒட்டிக்கொண்டு வரும் சொற்கள் ஏற்கப்படா. எனவே தொடரின் உச்சக் காட்சியை அப்படியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் வழக்கறிஞர்கள் வேலையைத் தொடங்குவோம். நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்பு, அவர் உரிய எச்சரிக்கை சொல்லி, யோசிக்க அவகாசம் கொடுத்த பிறகு, மனமுவந்து கொடுக்கும் வாக்குமூலம் வேறு வகை. அதற்கு மதிப்பு உண்டு. பொய் அறியும் கருவி, உண்மை கூற வைக்கும் ஊசி ஆகியவற்றை ஒருவரின் சம்மதமின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று செல்வி வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் வழக்கமாக வரும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். குற்றவாளி தானாகவே கிராம நிர்வாக அலுவலரிடம் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிச் சரணடைந்தான் என்று குற்றப்பத்திரிகையில் இருக்கும். அப்படிப்பட்ட வாக்குமூலத்துக்குச் சட்டத்தில் முழுத் தடை இல்லை. ஆனால் ஊரெல்லாம் ஒளிந்து திரிபவன், அதுவரை முகம் தெரியாத ஓர் அலுவலரிடம் எதற்காக மனம் திறந்தான் என்ற கேள்வியை நீதிபதிகள் கேட்காமல் விடுவதில்லை, கேட்கவும் வேண்டும். இரண்டு வெவ்வேறு ஊர்களின் வாக்குமூலங்கள் ஒரே வாக்கிய அமைப்பில், ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழையோடு இருந்ததை நானே எதிர்த்தரப்பில் நின்று எடுத்துக் காட்டியிருக்கிறேன். அதை நம்பி மட்டும் ஒரு வழக்கைக் கட்டினால், மேல் முறையீட்டில் அது பெரும்பாலும் சரிந்துவிடும்.

ஒப்புதல் போனால் மீதம் என்ன? பணம் வாங்கியவன் இருக்கிறான். அவன் முதலில் உண்மையாகவே சம்மதித்துப் பிறகு மனம் மாறியவன் என்றால், சட்டத்தின் பார்வையில் அவனும் சதியில் ஒரு பங்காளி. சம்மதம் ஏற்பட்ட நொடியிலேயே சதி முழுமை பெற்றுவிடுகிறது. பிறகு வந்த மனமாற்றம் அதை அழிக்காது. அவனைச் சாட்சியாக்க வேண்டுமானால், எதையும் மறைக்காமல் முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் மன்னிப்பு வழங்கி அவனை அப்ரூவர் ஆக்க வேண்டும். தொடரில் அவன் மறுநாளே கூண்டேறிவிடுகிறான். உண்மையில் அந்த இடைவெளி மாதக்கணக்கில் போகும், பிணை கிடைக்காவிட்டால் வழக்கு முடியும்வரை அவன் சிறையில்தான் இருப்பான். அப்படியே அவன் சொன்னாலும், கூட்டாளியின் சொல்லுக்கு வேறு ஆதாரத்தின் துணை தேவை. பழைய சட்டம் இதை நடைமுறை அறிவாக விட்டு வைத்திருந்தது. புதிய சாக்ஷிய அதினியத்தின் 138ஆம் பிரிவு துணைச் சான்று என்பதைச் சட்ட வாசகத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

அவன் தொடக்கத்திலிருந்தே சம்மதிப்பது போல் நடித்தவன் என்றால் நிலைமை மாறும். சதிக்கு இரண்டு மனங்களாவது ஒத்துப்போக வேண்டும். ஒரு மனம் நடிக்கிறது என்றால் சதி உண்டா என்று எதிர்த்தரப்பு வாதாடும், அந்த வாதத்தில் வலு உண்டு. ஆனாலும் கணவன் தப்ப முடியாது. குற்ற உடந்தை பற்றிய பிரிவில், பழைய 108இல், சட்டமே ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது: ஒருவன் இன்னொருவனைக் கொலை செய்யத் தூண்டுகிறான், தூண்டப்பட்டவன் மறுத்துவிடுகிறான், தூண்டியவன் கொலைக்கு உடந்தையாக இருந்த குற்றவாளியே. புதிய சட்டத்தின் 46ஆம் பிரிவிலும் அதே எடுத்துக்காட்டு இருக்கிறது. கேட்டதே குற்றம், நடக்க வேண்டியதில்லை.

மீதிப் பணம் கைமாறும் காட்சிதான் அந்த அத்தியாயத்தில் சட்டப்படி வலுவான பகுதி. எண் குறிக்கப்பட்ட நோட்டுகள், அந்த உரையாடலின் ஒலிப்பதிவு, அருகிலிருந்து பார்த்த பொதுச் சாட்சிகள் ஆகியவை சேர்ந்தால் அப்ரூவருக்குத் தேவையான துணைச் சான்று கிடைத்துவிடும். குரல் அவனுடையதுதானா என்று ஒப்பிட, குரல் மாதிரி கொடுக்கும்படி நடுவர் உத்தரவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் ரித்தேஷ் சின்கா வழக்கில் கூறியது. ஆனால் ஒலிப்பதிவோ, கைப்பேசி அழைப்புப் பட்டியலோ, கண்காணிப்புக் கேமராப் பதிவோ, நகலாக வரும்போது அதற்குரிய சான்றிதழோடு வர வேண்டும். பழைய 65பி, இன்றைய 63ஆம் பிரிவு. 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு இதில் நெகிழ்வு கேட்பது வீண். இந்த ஒரு தாள் இல்லாததால் நான் தோற்ற வழக்கு ஒன்று இன்னும் என்னைத் தொந்தரவு செய்கிறது. கணவனும் கூலியாளும் பேசிய பேச்சு ஒரு குறுந்தகட்டில் இருந்தது. விசாரணை செய்தவர்கள் அதைச் சான்றிதழ் இல்லாமல் இணைத்திருந்தார்கள், மூலக் கைப்பேசியையும் அதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். நீதிபதி அந்தத் தகட்டைக் கேட்கவே மறுத்தார். சட்டப்படி அவர் செய்தது சரி. இறந்துபோன பெண்ணின் தாயாருக்கு அதை விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை.

இறந்தது போல் எடுத்த படத்தைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்கில்லை. காவல்துறை கண்ணி வைத்தது என்பதாலேயே நம் நாட்டில் குற்றம் நீங்கிவிடாது. கொல்லும் எண்ணம் அவனுக்கு முன்பே இருந்ததா, கண்ணி வைத்தவர்கள்தான் அதை விதைத்தார்களா என்பதை நீதிபதி பார்ப்பார். இந்தக் கதையில் முன்பணம் முன்பே கைமாறிவிட்டது, அதனால் எண்ணம் அவனுடையது. எனினும் ஒரு பெண்ணைப் பிணமாகக் கிடத்திப் படம் எடுத்த முறையை ஒரு நீதிபதி திறமையான விசாரணை என்பார், இன்னொருவர் கடிந்துகொள்வார். வழக்கின் முடிவு அந்தப் படத்தைச் சார்ந்திருக்காமல் பார்த்துக்கொள்வதே அரசு வழக்கறிஞரின் கவலையாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் அண்ணி சொன்னதற்கு வருகிறேன். மனைவி கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது என்பது ஊரெங்கும் பரவியிருக்கும் தவறான நம்பிக்கை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எதிராகச் சாட்சி சொல்லத் தகுதியுள்ளவர்களே. சட்டம் பாதுகாப்பது ஒன்றை மட்டும்தான்: திருமண வாழ்க்கையின்போது ஒருவர் மற்றவரிடம் சொன்ன சொல்லை, சொன்னவரின் சம்மதமின்றி நீதிமன்றத்தில் வெளியிடக் கூடாது. பழைய 122, இன்றைய 128. அந்தப் பிரிவிலேயே, ஒருவருக்கு எதிராக மற்றவர் செய்த குற்றத்துக்கான வழக்கில் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்ற விலக்கும் இருக்கிறது. தன்னையே கொல்லத் திட்டமிட்ட கணவன் தன்னிடம் என்ன சொன்னான் என்பதை அந்த மனைவி தாராளமாகச் சொல்லலாம். சிக்கல் வருவது வேறோர் இடத்தில். பணம் வாங்கிய அந்தக் கூலியாளுக்கும் ஒரு மனைவி இருப்பாள் அல்லவா? அவன் வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னதை அவள் சொல்ல முடியாது. அவள் கண்ணால் கண்டதைச் சொல்லலாம். 1954இல் ராம் பரோசே வழக்கில் இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் அழகாகப் பிரித்துக் காட்டியது. விடியும் முன் கணவன் கூரையிலிருந்து இறங்கி வந்து குளித்ததையும், அதே வேட்டியைத் திரும்ப உடுத்தியதையும் மனைவி சொன்னாள். அவை செயல்கள் என்பதால் ஏற்கப்பட்டன. அப்போது அவன் அவளிடம் கூறிய வார்த்தைகள் ஏற்கப்படவில்லை. கணவன் மனைவி பேச்சை மூன்றாம் ஆள் ஒருவர் கேட்டிருந்தால் அவர் சாட்சி சொல்லத் தடை இல்லை. மனைவி தன் கைப்பேசியில் கணவனுக்குத் தெரியாமல் செய்த பதிவைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மணவிலக்கு வழக்குகளில் அதை ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குற்ற வழக்குகளில் அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லப்படும் என்பது இனிமேல்தான் தெளிவாக வேண்டிய விஷயம்.

தண்டனை விஷயத்தில் தொடர் தெளிவாகத் தவறு செய்திருக்கிறது. அந்தப் பெண் மீது ஒரு கீறல்கூட விழவில்லை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றத்துக்குத் தூண்டி, அந்தக் குற்றம் நடக்காமல் போனால், புதிய சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி அதிகபட்சம் 7 ஆண்டுகள். தூண்டுதலின் விளைவாகக் காயம் ஏற்பட்டிருந்தால் 14 ஆண்டுகள் வரை. கொலை முயற்சிக்கு ஆயுள் வரை போகலாம், ஆனால் முயற்சி என்று சொல்ல யாராவது ஒருவர் கையை ஓங்கியிருக்க வேண்டும். பணம் கொடுத்தது மட்டும் முயற்சி ஆகாது. ஒரு மனைவியின் உயிருக்கு விலை பேசியவனுக்கு 7 ஆண்டுதானா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியதுண்டு. ஆயினும் நடந்த கொலைக்கும் நடக்காத கொலைக்கும் ஒரே தண்டனை என்று வைத்தால், இடையில் மனம் மாறி நிறுத்துவதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும்.

அவள் இறந்திருந்தால்? நேர்ப் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: தப்பியிருக்கக் கூடும். கூலியாள் பிடிபடாமல், கணவன் அன்றைக்கு வெளியூரில் இருந்து, வீட்டில் வேறு யாரும் இல்லாமல் இருந்தால், வழக்கு முழுவதும் சூழ்நிலைச் சாட்சியங்கள் மேல்தான் நிற்கும். அதற்கு 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து நிபந்தனைகளை இன்றும் ஒவ்வொரு அமர்வு நீதிபதியும் எடுத்து வைத்துத்தான் தீர்ப்பு எழுதுகிறார். சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும். எல்லாம் ஒரு சங்கிலியின் கண்ணிகளைப் போலக் கோத்து, குற்றவாளி இவனே என்பதைத் தவிர வேறெந்த முடிவுக்கும் இடம் தரக் கூடாது. அந்த வழக்கே ஒரு கணவன் மீதானதுதான். புனேயில் திருமணமாகிச் சில மாதங்களே ஆன பெண் சயனைடு விஷத்தால் இறந்தாள். தன் துயரத்தை அவள் அக்காளுக்கும் தோழிக்கும் கடிதங்களாக எழுதியிருந்தாள். கீழ் நீதிமன்றம் கணவனுக்குத் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. தற்கொலையாகவும் இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை அரசுத் தரப்பு நீக்கவில்லை என்பது காரணம். அந்தத் தீர்ப்பை நான் எத்தனையோ முறை எதிர்த்தரப்பில் நின்று மேற்கோள் காட்டியிருக்கிறேன், அரசுத் தரப்பில் நின்று அதை எதிர்கொள்ளத் திணறியும் இருக்கிறேன்.

வீட்டுக்குள் மனைவி கொல்லப்பட்டு, கணவனும் அங்கேயே இருந்திருந்தால் நிலைமை வேறு. அவனுக்கு மட்டுமே தெரிந்ததை அவன்தான் விளக்க வேண்டும். மௌனமோ பொய் விளக்கமோ சங்கிலியில் இன்னொரு கண்ணியாகிவிடும் என்று 2006இல் திரிமுக் மரோதி கிர்கன் வழக்கில் சொல்லப்பட்டது. திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் என்றால் கோட்டாட்சியர் விசாரணை வரும். வரதட்சணைக் கொடுமை இருந்தது என்று காட்டப்பட்டால் சட்டமே கணவன் வீட்டாருக்கு எதிராக அனுமானம் கொள்ளும். ஆனால் கூலிக்கு ஆள் பேசுகிறவன் இந்த வலைகளிலிருந்து விலகி நிற்பதற்காகவே ஆள் பேசுகிறான். "அன்று நான் ஊரிலேயே இல்லை" என்பதைத் தொடர்கள் பெரிய தற்காப்பாகக் காட்டுகின்றன. சதி வழக்கில் அது தற்காப்பே அல்ல. கொலை நடந்த இடத்தில் அவன் இருந்தான் என்று யாரும் சொல்லவில்லையே.

அப்படியானால் இத்தகைய வழக்குகள் எப்படி நிரூபணமாகின்றன? என் அனுபவத்தில், பணம் வந்த வழியைத் தேடிப் பிடிக்கும்போது. தொடரில் பெட்டி நிறையப் பணம் வருகிறது. நம் பக்கத்தில் கூலிக்குக் கொடுக்கும் முன்பணம் எங்கிருந்தோ புரட்டப்பட்டதாகத்தான் இருக்கும். ஊரையும் ஆட்களையும் அடையாளம் தெரியாதபடி ஒன்றைச் சொல்கிறேன். பண்ணுருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பின் ஓரத்தில் ஒருவர் இறந்து கிடந்தார். அவருடைய மனைவியும் இன்னும் இருவரும் குற்றம் சாட்டப்பட்டனர். கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. கைப்பேசிப் பட்டியல் யார் யாரை அழைத்தார்கள் என்று சொல்லியது, என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. வீட்டைச் சோதனையிட்ட ஒரு பெண் காவலர், சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த அடகுக் கடை ரசீதை எடுத்தார். சம்பவத்துக்கு ஒன்பது நாள் முன்பு அந்தப் பெண்ணின் ஆரம் அடகு போயிருந்தது. அதற்கு மறுநாள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாமவன் ஒரு பழைய இருசக்கர வண்டியை ரொக்கமாக வாங்கியிருந்தான். அடகுக் கடைக்காரர் தன் பேரேட்டோடு வந்து சாட்சி சொன்னார். வண்டி விற்றவர் வந்தார். வீட்டுச் செலவுக்காக அடகு வைத்தேன் என்ற விளக்கம், அந்த வாரம் வீட்டில் எந்தச் செலவும் இல்லை என்பதால் நிற்கவில்லை. ரசீது தனியாக எதையும் நிரூபித்திருக்காது. மற்ற கண்ணிகளைக் கோத்தது அதுதான். அந்தக் காவலர் அன்றைக்குப் படத்தைத் திருப்பிப் பார்க்காமல் போயிருந்தால், மறுநாள் அது அங்கே இருந்திருக்காது.

முதல் ஓரிரு நாட்களில் எது எடுக்கப்பட்டதோ அதுதான் வழக்கு. பிறகு வருவதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டும் கட்டடம். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்வதை, மாநிலங்கள் நடைமுறைக்குக் கொண்டுவர 5 ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தபோதிலும், நான் மனமார வரவேற்கிறேன். நம் மாவட்டத்தில் விவசாயப் பூச்சிமருந்து எல்லா வீட்டுத் திண்ணையிலும் கிடப்பதால், விஷ மரணங்களில் தற்கொலையா கொலையா என்பதுதான் பெரும் போராட்டம். உள்ளுறுப்புகளை முறையாக எடுத்து முத்திரையிட்டு விழுப்புரம் வட்டார ஆய்வகத்துக்கு அனுப்புவதற்குள் இடையில் யார் கையில் எத்தனை நாள் இருந்தது என்று விளக்க முடியாமல் போன வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். எந்த விஷம் என்பதை மருத்துவர் சொல்லிவிடுவார், யார் கொடுத்தது என்பதை எந்த ஆய்வகமும் சொல்லாது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்பேட்டையில் பெண்ணையாற்றைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் முள்ளோடை; அதற்கு அப்பால் புதுச்சேரிக் காவல்துறை. சதி அங்கே ஒரு மதுக்கடையில், கொலை இங்கே, உடல் மீண்டும் அங்கே ஒரு வாய்க்காலில் என்று நடப்பதுண்டு. இரண்டு பக்கமும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் வருகின்றன. உடந்தை நடந்த இடத்திலோ முதன்மைக் குற்றம் நடந்த இடத்திலோ எங்கு வேண்டுமானாலும் வழக்கை நடத்தலாம். எல்லையைக் காரணம் காட்டிப் புகாரைத் திருப்பி அனுப்பவும் முடியாது, எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்பது இப்போது சட்ட வாசகத்திலேயே இருக்கிறது. ஆனால் எல்லை ஓரத்துக் கைப்பேசிக் கோபுரம் இந்தப் பக்கம் இருப்பவனை அந்தப் பக்கம் இருப்பதாகவும் காட்டும். கோபுரப் பதிவை மட்டும் நம்பி ஒருவனை ஓர் இடத்தில் நிறுத்தாதீர்கள் என்று இளம் வழக்கறிஞர்களுக்கு நான் ஓயாமல் சொல்வேன்.

கணவனின் நோக்கமான நிலத்தைப் பற்றி ஒரு சொல். கொலை செய்தவரோ அதற்கு உடந்தையானவரோ, கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறுகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு சிவில் சட்டத்தைப் பின்பற்றும் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதால் அவர்கள் அங்குள்ள உரிமையியல் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும். அடுத்து, இத்தகைய தொடர்களும் நாளிதழ்களும் எடுத்ததும் 'கள்ளக்காதல்' என்ற சொல்லை ஒட்டிவிடுகின்றன. அந்தச் சொல்லை நான் நீதிமன்றத்தில் பயன்படுத்தியதில்லை. திருமணத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளும் உறவு 2018க்குப் பிறகு குற்றமே அல்ல. அது அதிகபட்சம் ஒரு நோக்கத்துக்கான சான்று. அந்த உறவை நிரூபித்துவிட்டதாலேயே கொலையையும் நிரூபித்துவிட்டோம் என்று நினைத்து வந்த வழக்குகள் கண்முன் சரிந்திருக்கின்றன, நிரபராதியான பெண்கள் அந்த ஒரு சொல்லால் ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதிகளாக இருந்திருக்கிறார்கள்.

தொடரில் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது நீதிமன்றம் அல்ல. காவல் நிலையத்துக்கு நடந்து போன அந்த ஒருவன். அதனால்தான் உங்கள் கடைசிக் கேள்வியைச் சற்றுத் திருப்பி, அவள் இறப்பதற்கு முன் சட்டம் என்ன செய்ய முடியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கொலை செய்யும் எண்ணம் ஒருவருக்கு இருப்பது தெரிந்தால், அதைக் காவல்துறைக்கோ நடுவருக்கோ சொல்வது பொதுமக்களின் கடமை என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொன்னது, இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆம் பிரிவும் சொல்கிறது. நடந்த கொலையை மட்டும் அல்ல, நடக்கப் போகும் எண்ணத்தையும் அது குறிக்கிறது. பெரிய குற்றம் நடக்கப் போகிறது என்று அறிந்த காவலர் அதைத் தடுப்பதற்காகவே ஒருவரைப் பிடியாணையின்றிக் கைது செய்யவும் சட்டத்தில் வழி உண்டு. என்னிடம் வந்த வழக்குகளில் பாதிக்கு மேல், யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தது: பக்கத்து வீட்டு ஆயாவுக்கு, ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு, கொழுந்தன் மனைவிக்கு. "குடும்ப விஷயம், நமக்கு எதுக்கு" என்று இருந்துவிட்டு, பிறகு கூண்டில் நின்று அழுதவர்கள் அவர்கள்.

பயத்தில் இருக்கும் பெண், அம்மாவுக்கோ அக்காளுக்கோ அனுப்பும் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மரணத்துக்கு இட்டுச் சென்ற சூழ்நிலையைப் பற்றியதாக இருந்தால், அவள் இல்லாத நிலையிலும் அது சாட்சியமாக முடியும் என்பதும் அதே சர்தா தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே செய்யக்கூடியவை உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம், 2005இன் கீழ் நடுவரிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 181 பெண்களுக்கான உதவி எண், உடனடி ஆபத்துக்கு 112. உங்கள் கேள்வி தொடரைப் பற்றியது மட்டும்தான் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். இல்லையென்றால், மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்பதே இலவச வழக்கறிஞரைப் பெறப் போதுமான தகுதி; வருமான வரம்பு கிடையாது.